வெயிலில் காயப்போட்ட செயின் எண்ணெய்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே சைக்கிள் சௌக்கியம், நான் சௌக்கியம், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் குருவி மூன்று பேரும் சௌக்கியம். சைக்கிளை முதலில் எழுதியதைப் பார்த்துச் சிரிப்பாய், சிரித்துக்கொள், கடிதம் முடிவதற்குள் ஏன் என்று புரியும். போன வாரம் போனில் நாலு தடவை இருமினாய், ஐந்தாவதை வாயைப் பொத்தி அடக்கினாய், அதுவும் எனக்குக் கேட்டது, வெந்நீர் குடி. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால் போனில் நீ நடுவில் பேசுவாய், "சரிம்மா சரிம்மா" என்று அவசரப்படுத்துவாய், கடிதத்தில் உன்னால் அது முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, புள்ளி எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துப் படித்துக்கொள், நீ படித்த படிப்புக்கு அதாவது பயன்படட்டும்.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். போன மாதம் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை, நான் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், போன் மேசைமேல் இருந்தது, உன் அண்ணன் சத்தமாகப் பேசும்படி அதை வைத்திருந்தான், அது உனக்குத் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு எதற்கு சைக்கிள், விற்றுவிடலாம் என்று அவன் சொன்னான். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணன் சொல்றதும் சரிதானே" என்றாய். "சொல்றதும்" என்றாயே, அந்த "உம்"மை நான் இன்னும் மறக்கவில்லை. நாலாம் வகுப்பில் இதே சைக்கிளின் மணியை உடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனை உடைத்தது என்று சொன்னவன்தானே நீ. பூனை எப்படியடா மணியைக் கழற்றும். அதையும் நான் மறக்கவில்லை.

அண்ணன் அப்படிப் பேச ஆரம்பித்ததற்குக் காரணம் உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. சலவை நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுகளை வாங்கிவந்து கிழிசல் தைத்து, பொத்தான் வைத்து, துணிப்பையில் கட்டி கேரியரில் வைத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் அல்லவா, முப்பது வருஷமாக ஒரு குறை இல்லை. அங்கே இப்போது கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள். போன மாதம் ஆறாம் தேதி ஒரு கோட்டின் கையில் கறுப்பாக நாலு விரல் நீளத்துக்குக் கறை. அதை மேசைமேல் விரித்துப் போட்டு, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்படி, இது என்ன கோலமா என்று கேட்டாள். செயின் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன். இன்னொரு முறை ஒரு புள்ளி தெரிந்தாலும் தைக்கிற வேலையை வேனில் அனுப்பி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றாள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை, அவளே அண்ணிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். இப்போது புரிகிறதா, சைக்கிள் போனால் தினமும் பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது, வேலை போகும், வேலை போனால் நான் நாள் முழுக்க உன் அண்ணியோடு ஒரே அறையில், அது அவளுக்கும் நல்லதில்லை.

நீ "அண்ணன் சொல்றதும் சரிதானே" என்று சொன்ன பதினொன்றாம் நாள் உன் பார்சல் வந்தது. அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்ன பாட்டில், கூர்மையான மூக்கு வைத்தது. ஒரு கையால் சைக்கிளை விற்கச் சொல்லி இன்னொரு கையால் அதற்கு எண்ணெய் அனுப்புகிற பிள்ளையை நான்தான் பெற்றேனா என்று நினைத்தேன், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். குருவியைக் கூப்பிட்டு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். டிரை லூப் என்று வாசித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் காலத்தில் லூப் என்றால் பிள்ளை உண்டாகாமலிருக்க நர்ஸம்மா வைத்துவிடுகிற சமாச்சாரம், உனக்குப் பிறகு நானே வைத்துக்கொண்டேன், அதை ஏன் என் பிள்ளை இந்த வயதில் எனக்குப் பார்சலில் அனுப்புகிறான். அந்தப் பாட்டிலை அலமாரிக்கு மேலே எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள், குருவிக்கு ஒன்றும் புரியவில்லை, ஏன் பாட்டி, ஏன் பாட்டி என்று ஒரு நாள் முழுக்க என் பின்னாலேயே வந்தாள். அண்ணன் வந்துதான் அது செயினுக்குப் போடுகிற மசகு எண்ணெய், டிரை என்றால் காய்ந்தது என்று சொன்னான்.

காய்ந்தது என்றால் காய்ந்திருக்க வேண்டுமா இல்லையா. மூடியைத் திறந்து பார்த்தால் பால் மாதிரி ஈரமாக இருக்கிறது. உன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன், பிறகு பாதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்போல, காயவைத்துவிட்டுப் போட வேண்டிய எண்ணெய் போலிருக்கிறது என்று நினைத்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடியில் இரண்டு கிளிப் மாட்டி, மூக்கைத் திறந்துவிட்டு, பாட்டிலை இரண்டு நாள் வெயிலில் தொங்கவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், என்ன வைத்தியம் என்று கேட்கத் தைரியமில்லை. மூன்றாம் நாள் இறக்கினால் அப்படியேதான் இருக்கிறது, ஒரு விரல் அளவு மட்டும் குறைந்திருந்தது, குருவி எடுத்துப் பொம்மைக்குப் பூசிவிட்டாள் என்று அவளைத் திட்டினேன். சரி, ஆனது ஆகட்டும் என்று நான் வழக்கமாகத் தையல் மெஷினுக்குப் போட்டுச் செயினுக்கும் போடுகிற எண்ணெய் இருக்கிறதே, அது செயினில் கெட்டியாக இருக்கிறதே, அதன் மேலேயே இதையும் தாராளமாக ஊற்றினேன். நீ பிரியமாக அனுப்பியது, கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று.

அப்புறம் கேள். கல் அறுக்கிற பட்டறை வழியாகத்தானே நான் போக வேண்டும், அந்த வெள்ளைத் தூசி பறக்கிற இடம். ஒரே ஒரு தடவை போய்வந்ததும் செயின் களி மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஒரு கோட்டின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கவுன்டர்க்காரி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கவனித்துவிட்டேன், சலவை நிலையத்துக் குழாயடியிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய்வதற்காக ஆவிப்பெட்டி ஓரமாக நின்றேன். அன்றைக்கு என்னைத் தாமதமாக வந்தாய் என்று மட்டும்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்த என் கையைப் பார்த்த அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அவன் ஆபீஸ் வாட்ச்மேனுக்கு சைக்கிள் வேண்டுமாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றான். என்னைக் கேட்கவில்லை, சொன்னான்.

அதனால்தான் நான் முனைக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த சைக்கிள் கடைக்காரரோடு நான் இருபத்திரண்டு வருஷமாகப் பேசுவதில்லை, உனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது, நீ அப்போது விளையாட்டு மும்முரத்தில் இருந்தாய். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் செயினில் சத்தம் வருகிறது பாருங்கள் என்று கொண்டுபோனேன். பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செயினில் ஒன்றும் இல்லை, சத்தம் உங்கள் காதில்தான் என்றார், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளே ஏற்றத்தில் செயின் அறுந்து, பன்னிரண்டு கோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். அன்றிலிருந்து ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குத்தான் போவது, அந்தக் கடைக்காரரும் இப்போது கடையை மூடிவிட்டுப் பெண் வீட்டோடு போய்விட்டார். இன்னொன்று, இந்த முனைக் கடை ஆள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார். அதையும் சேர்த்துக்கொள்.

பேசுவதில்லை என்று வைத்தால் பேசக் கூடாது. அதனால் நான் அவரோடு பேசவில்லை. வாசலில் நிற்கிற காற்றடிக்கிற பம்பைப் பார்த்து, இந்த மாதிரி ஒரு பாட்டில் வந்திருக்கிறது, டிரை என்று போட்டிருக்கிறது, வெயிலில் வைத்தும் காயவில்லை, செயின் களியாகிவிட்டது, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் பம்பைப் பார்த்தே பதில் சொன்னார், அதைப் பாட்டிலில் காயவைக்கக் கூடாது, செயினில் காயவைக்க வேண்டும் என்று. உள்ளே இருக்கிறது மெழுகு, அந்த ஈரம் மெழுகைச் செயின் இடுக்குக்குள் கொண்டுபோய் விடுகிற வண்டி மட்டும்தான், கொண்டுபோய் விட்டதும் அது பறந்துபோகும், மெழுகு தங்கும், மெழுகில் தூசி ஒட்டாது. பாட்டிலில் ஒரு விரல் குறைந்ததும் அப்படிப் பறந்துதானாம், பாவம் குருவி. அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷமாக டிரை வாஷ் என்று எழுதிய பலகைக்குக் கீழே நிற்கிறேன், அங்கேயும் துணியை ஒரு திரவத்தில்தானே முக்குகிறார்கள், அதுவும் பறந்துதானே போகிறது, எனக்கு ஏன் தோன்றவில்லை. அதைப் பம்பிடம்கூட நான் சொல்லவில்லை.

அப்புறம் அவர் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கணுக்கணுவாகத் தேய்த்தார். கறுப்பு, அதற்குள் கறுப்பு, அதற்குள்ளும் கறுப்பு, என் இத்தனை வருஷத்து மெஷின் எண்ணெய் முழுதும் அந்தத் தட்டில் இருந்தது. பழைய எண்ணெய் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் மெழுகு ஒட்டாது, அதன்மேல் ஊற்றியதால்தான் களியாயிற்று என்று பம்பிடம் சொன்னார். கடையில் இன்னொரு பாட்டிலும் இருக்கிறது, பச்சை மூடி, அது மழைக்கு ஆகிற எண்ணெய், எது வேண்டும் என்று கேட்டார். யார் சொன்னாலும் நான் துணியை நம்புகிறவள். பையிலிருந்து வெள்ளைத் துணித் துண்டு மூன்று எடுத்து, ஒன்றில் மெஷின் எண்ணெய், ஒன்றில் பச்சை மூடி, ஒன்றில் நீ அனுப்பியது, ஒவ்வொரு சொட்டு விட்டு, பட்டறையைப் பார்த்தாற்போல இருக்கிற அவர் கடைக் கிராதியில் ஊக்கு போட்டுக் குத்திவைத்தேன். நீ அனுப்பியதை விடுவதற்கு முன்னால் பாட்டிலை நன்றாகக் குலுக்கச் சொன்னார், மெழுகு அடியில் தங்கிவிடுமாம். இரண்டு நாள் கழித்து புதன்கிழமை போய்ப் பார்த்தால் மெஷின் எண்ணெய்த் துண்டு கண் மை மாதிரி இருக்கிறது, பச்சை மூடி உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, நீ அனுப்பியதை வாயால் ஊதினேன், தூசி பறந்துபோய்விட்டது, லேசாக ஒரு சாம்பல் வட்டம், அவ்வளவுதான்.

எது நல்லது என்று தெரிந்துவிட்டதே, உடனே எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே என்று கேட்பாய். அங்கேதான் நான் உன்னிடமும் அண்ணனிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த முதல் கறை செயின் எண்ணெய் தானாகத் தெறித்து வந்த கறை இல்லை. அன்றைக்குத் தூறல். பட்டறை முன்னால் தூசி நனைந்து சோப்பு மாதிரி வழுக்கியது, நான் வலது பக்கமாக விழுந்தேன். பை எனக்கும் செயினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முட்டியில் அடி, பெரிதாக ஒன்றுமில்லை, எழுந்து பையைத் தட்டிக் கட்டிக்கொண்டு போனேன், பழியை எண்ணெய்மேல் போட்டேன், எண்ணெய்க்கு வாயா இருக்கிறது. விழுந்தேன் என்று சொன்னால் அன்றைக்கே சைக்கிள் போயிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு தடவை தூறலில் ஓட்டினேன், இரண்டு தடவையும் பட்டறை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். தள்ளினேன் என்று எழுதுவதற்கே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, நீ இதைத் திரும்பப் படிக்காதே.

அந்த ஆள் செயினைத் திரும்ப மாட்டும்போது வலது பெடல் தரையில் உரசித் தேய்ந்திருப்பதையும் வலது கைப்பிடி ரப்பர் கிழிந்திருப்பதையும் பார்த்துவிட்டார். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மழையிலயும் ஓட்டணும்னா பச்சை மூடி. கறுக்கும், ஆனா தாங்கும். இது வெயிலுக்கு மட்டும்தான், மழை பட்டா கழுவிக்கிட்டுப் போயிடும்" என்றார். பிறகு முதல் தடவையாகப் பம்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டா, செயினுக்கு மழை ஆகாதுன்னு சொல்லி அன்னைக்கு வீட்லயே வெச்சிடலாம்க்கா. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார். நான் நீ அனுப்பியதைக் காட்டினேன். கணுவுக்கு ஒரு சொட்டு, உள்பக்கமாக, பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே விட்டார், மதியம் வரைக்கும் தொடக் கூடாது என்றார், அதன் பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தார். மெழுகு தீர்ந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். லேசாகக் கிறீச்சென்று கேட்கும் என்று சொல்லிவிட்டு, உங்கள் காதுக்குக் கேட்கும், அது எனக்குத் தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமையை அவரும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அக்கா என்பது பாக்கி இருக்கிறது. ஆனால் இனிமேல் நேராகப் பார்த்தே பேசுகிறேன், பம்புக்கு விடுதலை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கோட்டுகள் பால் மாதிரி போயின. கவுன்டர்க்காரி சனிக்கிழமை ஒரு கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், கடைசியில் ஒரு பொத்தான் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றாள், பாவம் அவளும் ஏதாவது சொல்ல வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை காலையில், வாட்ச்மேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், சைக்கிளை வாசலுக்கு எடுத்துவந்து அண்ணன் கையில் ஒரு புது வெள்ளைத் துணியைக் கொடுத்தேன். செயினைப் பிடி, நான் பெடலைச் சுற்றுகிறேன் என்றேன். அண்ணியும் குருவியும் கதவருகே நின்றுகொண்டார்கள். அவன் குந்தி உட்கார்ந்து துணியைச் சுற்றிப் பிடித்தான், நான் பத்துச் சுற்று சுற்றினேன். துணியைப் பிரித்தான், பென்சிலால் கோடு போட்ட மாதிரி லேசாக ஒரு சாம்பல். குருவி கை தட்டினாள். நான் உடனே, இந்த எண்ணெய்க்கு மழை மட்டும் ஆகாதாம், அதனால் மழை நாளில் இனி நான் எடுக்கப் போவதில்லை, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், துடைப்பத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

உன் அண்ணன் எழுந்திருக்கவில்லை. குந்தின இடத்திலிருந்தே வலது பெடலை விரலால் தடவினான். நிமிராமலே, "எப்போம்மா விழுந்தே" என்று கேட்டான். கடைக்காரர் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார் அல்லவா, அவருக்கு என் பெரிய பிள்ளையைத் தெரியாது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கறை வந்த அன்றைக்கு என்றேன். முட்டியைக் காட்டச் சொன்னான், மாட்டேன் என்றேன், அண்ணி வந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டாள், இப்போது மஞ்சளாகத்தான் இருக்கிறது. சத்தம் போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. அந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்தான், திரும்பப் பிரித்தான், திரும்ப மடித்தான். பிறகு வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி, வரவேண்டாம், அம்மாவுக்கு அது வேண்டியிருக்கிறது என்று சொன்னான். போனை வைத்துவிட்டு என்னிடம், "மழைன்னா பஸ். மழை வர்ற மாதிரி இருந்தாலும் பஸ்" என்றான். மழைக்கு ஒத்துக்கொண்டேன். "மாதிரி"க்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, வானம் பாதி நாள் மாதிரியாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அவன் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை பக்கம்.

உன் ஊரில் வருஷத்தில் பத்து மாதம் மழை என்கிறாய். அப்படியானால் எனக்கு அனுப்பியதையே உன் சைக்கிளுக்கும் போட்டிருந்தால் அது ஒரு நாள்கூட நிற்காது, முதலில் போய்ச் செயினைத் தொட்டுப் பார். கையில் ஒன்றும் ஒட்டாமல் துரு வாசனை வந்தால் கழுவிப்போய்விட்டது என்று அர்த்தம். உனக்குப் பச்சை மூடி மாதிரி ஒன்றுதான் சரி, அங்கேயும் இருக்கும், மழைக்கு என்று கேட்டு வாங்கு, பழையதை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் போடு, ஊற்றாதே, சொட்டு. கறுக்கும், வாரத்துக்கு ஒரு தடவை துடை, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஏறாதே. பக்கத்தில் யாருக்கு என்ன எண்ணெய் என்று பார்க்காதே, உன் தெருவில் என்ன விழுகிறது என்று பார், தூசியா தண்ணீரா என்று. அந்த "உம்"மை மன்னித்துவிட்டேன், பார்சலுக்காக, பூனை விஷயம் அப்படியே இருக்கிறது.

நீ நல்லபடியாக இரு, வேலையில் பெயர் எடு, வேளைக்குச் சாப்பிடு, ராஜாவாட்டம் நூறு வருஷம் இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வரும். ஒன்றே ஒன்று மறக்காதே. அங்கே நீ எங்கேயாவது வழுக்கி விழுந்தால், எண்ணெய்மேலும் ரோட்டின்மேலும் பழி போட்டு மறைக்காமல், அன்றைக்கே எனக்கு எழுது. மறைக்கிற வித்தை எனக்குத் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
வெயில் நாளில் சைக்கிளிலும் மழை நாளில் பஸ்ஸிலும் போகிற
உன் அம்மா